எந்த ராஜ்யம் நம் ராஜ்யம்?
உதியன்குளங்கரையிலிருந்து ஒரு கல்லூரி வரலாறு

சென்ற ஆனி மாதம் உதியன்குளங்கரையில் எங்கள் அகத்தில் ஒரு சின்ன மகாநாடு கூடியது. விஷயம் பேத்தியின் படிப்பு. ப்ளஸ் டூ முடித்திருந்த குழந்தைக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. ஒன்று, திருவனந்தபுரம் ஸ்ரீகார்யத்தில் உள்ள சர்க்கார் இன்ஜினீயரிங் காலேஜில் எலெக்ட்ரிகல் பிரிவு. மற்றது, தமிழ்நாட்டில் ஒரு பெயர்பெற்ற தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் ஸயன்ஸ். ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பாங்க் கடன் வாங்கலாம், போதாவிட்டால் ரோட்டோரத்துப் பூர்வீக மனையைக் கொடுத்துவிடலாம் என்றான் என் பிள்ளை. கம்ப்யூட்டர் படித்தால்தானே வேலை என்றாள் மாட்டுப்பெண்.

குழந்தை மட்டும் வேறொன்று கேட்டாள். சர்க்கார் காலேஜ் ஸீட்டுக்காக வில்லேஜ் ஆபீஸில் 'நேட்டிவிட்டி' சான்றிதழ் வாங்கி வந்திருந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "தாத்தா, குழித்துறை அத்தை பேரன் தமிழ்நாட்டு நேட்டிவிட்டி வாங்கறான். நான் கேரளா நேட்டிவிட்டி வாங்கறேன். ஏழெட்டு மைல்தானே? நாம எல்லாரும் ஒரே ஊர்க்காரான்னு சொல்வேளே. அப்போ எது நம்ம ஸ்டேட்?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பழைய புஸ்தகங்களையும் என் ஞாபகங்களையும் புரட்டியதில் கிடைத்தவற்றை நம் சபை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். பல வீடுகளில் ஒவ்வொரு வருஷமும் எழும் கேள்விதானே இது.

சர்க்கார் காலேஜ் பிறந்த கதை

நம் பக்கத்தில் ஆங்கிலப் படிப்பு இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று மிஷன் வழி. ரிங்கல்தௌபே பாதிரியார் 1809-இல் மயிலாடியில் ஆரம்பித்த பள்ளிக்கூடம், பின்னர் நாகர்கோவிலுக்கு மாறி, 1893-இல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. மற்றது சமஸ்தான வழி. 1834-இல் ஸ்வாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே 1866-இல், தஞ்சாவூர்க்காரரான மாதவராவ் திவானாக இருந்த காலத்தில், மகாராஜா காலேஜ் ஆயிற்று. இன்றைக்குப் பாளையம் பக்கத்தில் நாம் பார்க்கும் யூனிவர்சிட்டி காலேஜ் அதுதான். 'மனோன்மணீயம்' எழுதிய சுந்தரம் பிள்ளை அங்கே தத்துவப் பேராசிரியராக இருந்தவர்.

ஆனால் பட்டம் கொடுத்தது திருவிதாங்கூர் அல்ல. 1857-இல் ஏற்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம்தான் பரீட்சை வைத்தது, பட்டமும் கொடுத்தது. காலேஜ் ஒரு ராஜ்யத்தில், யூனிவர்சிட்டி வேறொரு ராஜ்யத்தில். அன்றைக்கு அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

அந்தப் பட்டத்துக்கு மதிப்பு எதனால்? சர்க்கார் உத்தியோகத்தால். நம் முன்னோர்கள் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஊட்டுப்புரைகளில் சர்க்கார் செலவில் பிராமணர்களுக்குச் சாப்பாடு. அது இல்லாத இடத்தில், நாளுக்கு ஒரு வீடாக வாரச் சாப்பாடு. படிக்க வந்த பையனுக்கு ஃபீஸைவிடப் பெரிய செலவு சாப்பாடும் தங்கலும்தான். அந்தச் செலவை நமக்காக வேறு யாரோ ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

இதன் மறுபக்கம் 1891-இல் வெளிப்பட்டது. அந்த வருஷம் ஜனவரியில், பதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட 'மலையாளி மெமோரியல்' என்ற விண்ணப்பம் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவிடம் சமர்ப்பிக்கப்பட்டது. உயர்ந்த உத்தியோகங்கள் வெளியிலிருந்து வந்த பிராமணர்களுக்கே போகின்றன, இந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு இல்லை என்பது அதன் முறையீடு. 'பரதேசப் பிராமணர்' என்று அவர்கள் குறிப்பிட்டது நம்மைத்தான். 'யார் உள்நாட்டார், யார் வெளிநாட்டார்' என்ற கேள்வி இங்கே பெரிய அளவில் எழுந்தது அப்போதுதான். இன்றைக்கு வில்லேஜ் ஆபீஸில் வாங்கும் நேட்டிவிட்டி சான்றிதழுக்கு அதையே பாட்டனார் என்று சொல்லலாம்.

அந்த விண்ணப்பத்தில் மூன்றாவதாகக் கையெழுத்திட்டவர் டாக்டர் பல்பு. ஈழவ குலத்தில் பிறந்தவர் என்பதற்காகத் திருவிதாங்கூரில் வைத்தியப் படிப்புக்கு இடம் மறுக்கப்பட்டு, சென்னை சென்று படித்துத் தேறினார். திரும்பி வந்தபோது சொந்த சமஸ்தானம் உத்தியோகமும் கொடுக்கவில்லை, மைசூர் கொடுத்தது. அந்த மண்ணிலேயே பிறந்தவருக்குச் சொந்த நாட்டுக் கல்லூரி மூடியிருந்தது. வெளியிலிருந்து வந்த நமக்குத் திறந்திருந்தது. சர்க்கார் கல்லூரியின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

மூன்று வருஷங்களில் மூன்று வரவுகள்

ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பரில் வந்தது. அதற்கு ஒரு வருஷம் ஆவதற்குள், 1937 நவம்பர் 1-ஆம் தேதி, திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. ஸ்ரீசித்திரைத் திருநாள் மகாராஜா வேந்தர். திவான் ஸர் சி.பி. ராமஸ்வாமி ஐயர் முதல் துணைவேந்தர். அதுவரை சென்னையோடு இணைந்திருந்த சமஸ்தானத்தின் பத்துக் கல்லூரிகளும் புதிய பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. 1939-இல் இன்ஜினீயரிங் காலேஜ் தொடங்கிற்று. என் பேத்திக்கு இடம் கிடைத்தது இதே காலேஜில்தான்.

இரண்டுக்கும் நடுவே, 1938 பிப்ரவரியில், சர்க்கார் பஸ் ஓட ஆரம்பித்தது. திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி ரஸ்தா எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, களியக்காவிளை என்று வரிசையாக வரும் ஊர்க்காரர்களுக்கு, பல்கலைக்கழகம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அந்த பஸ். ரயில் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது 1979-இல்தான்.

அந்தப் புதிய பல்கலைக்கழகத்தில் ஆரம்ப வருஷங்களில் படித்த இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். ஸ்வாமிநாதன் 1940 முதல் 1944 வரை திருவனந்தபுரத்தில் விலங்கியல் படித்தார். வைத்தியராக வேண்டும் என்பது வீட்டார் விருப்பம். 1943-இன் வங்காளப் பஞ்சம் அவர் மனதை மாற்றியது. கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் சேர்ந்தார். அதுவும் சர்க்கார் கல்லூரிதான். பின்னால் நடந்தது நாட்டுக்கே தெரியும்.

ஏறக்குறைய அதே வருஷங்களில் அங்கே படித்தவர் கே.ஆர். நாராயணன். கோட்டயம் பக்கத்து உழவூரில் ஓர் ஏழை தலித் குடும்பத்தில் பிறந்தவர். 1943-இல் ஆங்கில இலக்கியத்தில் முதல் இடம் பெற்றார். ஆனால் விரிவுரையாளர் வேலை கேட்டபோது கிடைக்கவில்லை. பட்டமளிப்பு விழாவில் பட்டம் வாங்க மறுத்தார். பின்னர் டாடா உதவித்தொகையில் லண்டன் சென்றார். 1997-இல் குடியரசுத் தலைவரானார். பல்பு காலத்தில் காலேஜ் வாசலே மூடியிருந்தது. நாராயணன் காலத்தில் வகுப்பறை திறந்துவிட்டது, உத்தியோக வாசல் மட்டும் திறக்கவில்லை. ஐம்பது வருஷங்களில் அவ்வளவு தூரம்தான் நடந்திருக்கிறோம்.

அண்ணா ஓர் இரவில் வெளிமாநிலத்தான் ஆனது

இனி என் குடும்பக் கதை சிறிது. என் அண்ணா 1955-இல் நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் இண்டர்மீடியட் சேர்ந்தான். அந்தக் கல்லூரிக்கு அப்போது மூன்று வயது, 1952-இல் ஆரம்பித்தது. எங்கள் ஊரிலிருந்து திருவனந்தபுரமே பக்கம். இருந்தும் நாகர்கோவில் ஏன்? வடிவீஸ்வரத்தில் அத்தை அகம் இருந்தது. சாப்பாடும் படுக்கையும் அங்கே. எங்கள் அப்பா கல்லூரியின் தராதரம் பார்க்கவில்லை. அத்தை சமையல் எங்கே என்றுதான் பார்த்தார்!

1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நெய்யாற்றின்கரைப் பகுதியையும் கேட்டிருந்தது. அது கிடைக்கவில்லை. எல்லைக் கோடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் விழுந்தது. உதியன்குளங்கரை கேரளத்தில் நின்றது. அண்ணா இருந்த இடத்திலேயே இருந்தான். பெட்டி படுக்கையைக்கூட நகர்த்தவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அவன் வெளிமாநிலத்தில் படிக்கும் மாணவன்.

திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் பிறந்ததும் ஒரு நவம்பர் 1. அதன் ராஜ்யம் இரண்டாகப் பிளந்ததும், சரியாகப் பத்தொன்பது வருஷம் கழித்து, ஒரு நவம்பர் 1. அடுத்த வருஷம், 1957-இல், அது கேரளப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. நாகர்கோவில் கல்லூரிகள் பின்னர் சென்னையின் கீழ் போயின. 1966-இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. 1990 முதல் திருநெல்வேலியில் உள்ள மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கின்றன. திருவனந்தபுரத்தில் பாடம் நடத்திய பேராசிரியரின் பெயரில் எல்லைக்கு அந்தப் பக்கம் பல்கலைக்கழகம்!

உள்ளூர்க்காரனுக்கு ஒரு கட்டணம்

சொந்த மாநிலத்தானுக்குக் குறைந்த ஃபீஸ், வெளியானுக்குக் கூடுதல் என்பது நியாயமா என்ற வழக்கு 1955-லேயே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. டில்லியைச் சேர்ந்த டி.பி. ஜோஷி என்பவர் இந்தூர் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார். மத்திய பாரத ராஜ்யத்துக்காரர்களுக்கு இல்லாத கேபிடேஷன் கட்டணம் அவரிடம் கேட்கப்பட்டது. இது சமத்துவத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார். பிறந்த இடம் வேறு, வசிக்கும் இடம் வேறு. அந்த ராஜ்யத்தின் வருமானத்தில் நடக்கும் கல்லூரி அங்கே வசிப்போருக்குச் சலுகை கொடுப்பதில் தவறில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அடுத்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி அந்த மத்திய பாரத ராஜ்யமே இல்லாமல் போய், மத்தியப் பிரதேசத்தில் கரைந்துவிட்டது.

சலுகைக்கு எல்லை உண்டு என்றும் கோர்ட் சொல்லியிருக்கிறது. 1984-இல் பிரதீப் ஜெயின் வழக்கில், வைத்தியக் கல்லூரி இடங்கள் முழுவதையும் உள்ளூர்க்காரர்களுக்கே ஒதுக்கக் கூடாது என்றது. 2025 ஜனவரியில், வைத்திய மேற்படிப்பில் வசிப்பிட ஒதுக்கீடே செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அமெரிக்காவில் பேரன் பேத்திகள் இருக்கும் அன்பர்களுக்கு இது புதிதாக இராது. அங்கேயும் ஸ்டேட் யூனிவர்சிட்டிகளில் உள்ளூர்க் கட்டணம் ஒன்று, வெளியூர்க் கட்டணம் வேறு.

தனியார் என்றால் என்ன?

நம் கேரளத்தில் ஒரு தலைமுறைக்கு இந்தக் கேள்வி இல்லாமலே போயிற்று என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1972-இல் சர்க்காருக்கும் தனியார் கல்லூரி நிர்வாகங்களுக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆசிரியர் சம்பளத்தை சர்க்காரே நேரடியாகக் கொடுக்கும். ஃபீஸ் சர்க்கார் கல்லூரியில் உள்ளதுதான். அதனால் எங்களுக்குப் பக்கத்துத் தனுவச்சபுரத்தில் வேலுத்தம்பி பெயரில் உள்ள என்.எஸ்.எஸ். கல்லூரிக்கும் திருவனந்தபுரத்து சர்க்கார் கல்லூரிக்கும் செலவில் வித்தியாசம் பஸ் சார்ஜ்தான்.

பிறகு காற்று மாறியது. 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தமிழ்நாடு சுயநிதி இன்ஜினீயரிங் கல்லூரிகளை அனுமதித்தது. கன்னியாகுமரி மாவட்டத்திலேயே பல கல்லூரிகள் முளைத்தன. இங்கிருந்து களியக்காவிளை தாண்டிப் படிக்கப் போன பிள்ளைகள் அநேகம். 2001-இல் ஏ.கே. அந்தோணி ஆட்சியில் கேரளமும் அந்த வழிக்கு வந்தது. இரண்டு சுயநிதிக் கல்லூரி ஒரு சர்க்கார் கல்லூரிக்குச் சமம், பாதி இடங்கள் சர்க்கார் ஃபீஸில் கிடைக்கும் என்பது அப்போதைய கணக்கு. 2005-இல் இனாம்தார் வழக்கில், உதவி பெறாத தனியார் கல்லூரிகளில் சர்க்கார் தன் இடங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பானதும் அந்தக் கணக்கின் அஸ்திவாரம் ஆட்டம் கண்டது.

ஆனாலும் தனியாரை ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யை 1949-இல் ஆரம்பித்தவர் சி. ராஜம் என்ற தனிமனிதர். அங்கே சேர அப்துல் கலாமுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அவருடைய சகோதரி தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த எம்.ஐ.டி. 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பொதுச்சொத்து ஆயிற்று. 1929-இல் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய சிதம்பரம் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தை 2013-இல் தமிழ்நாடு அரசு ஏற்றது. இன்றைய தனியார் நாளைய சர்க்கார் ஆகலாம். நம் திருவனந்தபுரம் இன்ஜினீயரிங் காலேஜ் இன்று இணைந்திருப்பது, 2014-இல் ஏற்பட்ட அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு என்பதும் ஒரு பொருத்தம்தான்.

பெரிய கல்லூரிப் பெயரால் சம்பாத்தியம் கூடுமா என்று அமெரிக்காவில் ஸ்டேஸி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். 1976-இல் கல்லூரி சேர்ந்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். மிகப் பெயர்பெற்ற கல்லூரிக்குத் தகுதி பெற்றும் வேறு கல்லூரிக்குப் போனவர்களின் சம்பளம், அங்கே போனவர்களின் சம்பளத்துக்குக் குறையவில்லை. ஆனால் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி கைகொடுத்தது. யோசித்துப் பார்த்தால் இது நம் கதையும்தான். வீட்டில் படிப்பும் ஊரில் ஆதரவும் உள்ளவனுக்குக் கல்லூரி ஒரு துணை. அவை இல்லாதவனுக்கு அதுவே எல்லாம்.

குழந்தை என்ன செய்தாள்

இவற்றையெல்லாம் இரண்டு மூன்று மாலைகளில் அவளிடம் சொன்னேன். முடிவை அவளிடமே விட்டேன். அவள் இரண்டு இடங்களுக்கும் நேரில் போய், இரண்டாம் வருஷத்துப் பெண்களிடம் பேசினாள். லாப் எப்படி, ஆசிரியர்கள் இருக்கிறார்களா, இடங்கள் காலியா, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். சர்க்கார் காலேஜின் குறைகளும் அதில் இருந்தன. கடைசியில் எலெக்ட்ரிகல் போதும் என்றாள். கம்ப்யூட்டரைக் கூடவே படித்துக்கொள்ளலாமாம். மனை தப்பித்தது. அது சரியான முடிவுதானா என்பதை நாலு வருஷம் கழித்துத்தான் சொல்ல முடியும். மாட்டுப்பெண்ணுக்கு இன்னும் அரை மனசுதான்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி இருந்தது. பாறசாலையில் ரயில் ஏறி, திருவனந்தபுரத்தில் இறங்கி, பஸ் பிடித்து ஸ்ரீகார்யம் போய்த் திரும்ப நாள் முழுதும் போய்விடும். முதல் வருஷம் ஹாஸ்டல் கிடைக்கவில்லை. கரமனையில் என் மச்சினர் அகத்தில் மாடி அறை கொடுத்தார்கள். 1955-இல் வடிவீஸ்வரத்து அத்தை செய்ததை இப்போது கரமனை மாமி செய்கிறாள்.

சபை அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். எல்லையோர கிராமங்களிலிருந்து சர்க்கார் கல்லூரிகளில் இடம் கிடைத்தும், தங்க இடமில்லாமல் தயங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நகரத்தில் பிள்ளைகள் வெளிநாடு போய், மாடி காலியாகக் கிடக்கும் அகங்களும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வைக்க நம் சபை ஒரு பட்டியல் தயாரிக்கலாம். அன்றைக்கு ஊட்டுப்புரையில் இலை போட்டது நமக்கு மட்டும். இன்றைக்கு நாம் திறக்கும் மாடி அறை, எந்த வீட்டுப் பிள்ளை வந்து கேட்டாலும் கிடைக்கட்டும். முதல் பெயராக என் மச்சினர் அகத்தை எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இன்னொரு அறையும் அங்கே காலியாக இருக்கிறது.